கதவைச் சாத்தியதும் அலறிய நோயாளி: மருந்து கட்டும் அறையில் நாங்கள் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: வன்னித்தாதி

வன்னியில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், புண்களுக்கு மருந்து கட்டும் அறையில் பணியாற்றும் தாதிய உத்தியோகத்தர் நான். அண்மையில் எங்கள் அறையில் நடந்த ஒன்றைச் சொல்லி, அனுபவமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், நீரிழிவினால் குதிக்காலில் ஏற்பட்ட புண்ணுக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் மருந்து கட்ட வந்துகொண்டிருந்தார். முதல் மூன்று தடவையும் தாழ்வாரத்து வாங்கிலில் இருத்தியே கட்டினோம். அமைதியாக இருந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான்காவது தடவை அழுகிய தசையை வெட்டி அகற்ற வேண்டியிருந்ததால், உள்ளே அழைத்துக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னோம். சிற்றூழியர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நான் பின்பக்கம் நின்றபடி, ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவருடைய கணுக்காலைப் பிடித்தேன். மறுகணம் அவர் அலறித் துள்ளி எழுந்து, கருவித் தட்டைத் தட்டி விழுத்திவிட்டுக் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டார். "விடுங்கோ, நானே வாறன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒன்றுமில்லையம்மா, பயப்படாதையுங்கோ" என்று சொல்லிக் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சத்தம் கேட்டு வெளியே காத்திருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். சிற்றூழியர், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, இது நடிப்பு என்றார். கால் மணி நேரத்தின் பின் தானாகவே வெளியே வந்த அந்தப் பெண், சேலையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், மருந்து கட்டாமலே போய்விட்டார். இரண்டு வாரமாக வரவில்லை. நீரிழிவுக்காரரின் குதிக்காற் புண் இரண்டு வாரம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

எங்களிடம் வருபவர்களில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் அநேகமாக எல்லாரும் 2009 இன் முதல் ஐந்து மாதங்களைக் கடந்து வந்தவர்கள் என்பதும், அதற்கு முன் 2004 இல் கடலுக்கு உறவுகளைக் கொடுத்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. தெரிந்தும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த இரண்டு நாள் பயிற்சியில், மனதில் உள்ளதைப் பேச வைத்தால் பாரம் இறங்கும் என்று சொன்னார்கள். எங்கள் மூத்த தாதியோ, பழையதைக் கிளறாதே, புண்ணை மட்டும் பார் என்கிறார். நான் உளவளத்துணை படித்தவள் அல்ல. நண்பகலுக்குள் ஐம்பது பேருக்கு மருந்து கட்ட வேண்டியவள். அவர் திரும்பி வந்தால் நடந்ததைப் பற்றிக் கேட்பதா, கேட்காமல் விடுவதா? மனநலப் பிரிவுக்கு அனுப்புவதா?

பதில் 1: நிழல்மரம்

பிரதேச செயலகமொன்றில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருக்கிறேன். உங்கள் மூத்த தாதி சொன்னதில் பாதி சரி. பயிற்சியில் சொன்னதில் பெரும்பகுதி பிழை.

பழையதைக் கிளறத் தேவையில்லை என்பது சரி. ஆனால் அன்று பழையதைக் கிளறியது எந்தக் கேள்வியும் அல்ல என்பதைக் கவனியுங்கள். தாழ்ப்பாளின் சத்தமும், குப்புறக் கிடந்த நிலையும், பின்னாலிருந்து வந்த கையும் சேர்ந்து அதைச் செய்துவிட்டன. நீங்கள் வாய் திறக்கவே இல்லை. ஆகவே "புண்ணை மட்டும் பார்ப்பது" என்ற ஒன்று இந்த நோயாளி விடயத்தில் இல்லை. புண்ணை எப்படிப் பார்க்கிறோம் என்பதே அவருக்கு மருந்தாகவோ காயமாகவோ அமைகிறது. மனவடுவை, அதாவது கொடிய அனுபவம் மனதில் விட்டுச்சென்ற காயத்தை, உணர்ந்து பராமரிப்பது என்று எங்கள் துறையில் சொல்வதன் பொருள், எல்லாரும் உளவளத்துணையாளராக மாறிக் கதை கேட்பது அன்று. எதிரே இருப்பவர் எதைக் கடந்து வந்தவர் என்று தெரியாத நிலையிலும், எங்கள் கதவும் கட்டிலும் கையும் குரலும் அவரை அந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பாதபடி வேலையை ஒழுங்குசெய்வதுதான் அது.

அதனால் அவர் திரும்பி வரும்போது என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். "இண்டைக்கு மருந்து கட்டேக்க உங்களுக்கு எது சுகமாயிருக்கும்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. முதலாவது அவரிடமிருந்து ஒன்றை எடுக்கிறது; இரண்டாவது அவர் கையில் ஒன்றைக் கொடுக்கிறது.

கதவைத் தாழ்ப்பாள் போடாமல், மறைப்புத் திரையை இழுத்துவிட்டு, வாசல் அவருடைய கண்ணுக்குத் தெரியும் பக்கமாக அவரை இருத்துங்கள். குதிக்காற் புண்ணைக் குப்புறப் படுக்க வைக்காமலும் பார்க்கலாம். கதிரையில் இருந்து, எதிரேயுள்ள தாழ்ந்த முக்காலியில் காலை நீட்டினால் உங்களுக்கு முதுகு கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். தொடுவதற்கு முன் சொல்லுங்கள், சொன்ன பின் ஒரு மூச்சு நேரம் பொறுங்கள், அவர் தலையசைத்த பின் தொடுங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், அது எவ்வளவு நேரம் எடுக்கும், நோகுமா நோகாதா என்பவற்றை உள்ளபடி சொல்லுங்கள்; நோகும் ஒன்றை நோகாது என்று சொல்லிச் செய்துவிட்டால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் கையை உயர்த்தச் சொல்லுங்கள், உயர்த்தினால் உண்மையாகவே நிறுத்துங்கள்.

மறுபடியும் அப்படி நேர்ந்தால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். அவருடைய உடம்புக்கு அந்த நேரத்தில் எல்லாமே இருக்கிறது. தொடாமல், இழுக்காமல், வேடிக்கை பார்ப்பவர்களை அப்புறப்படுத்திவிட்டு, சற்றுத் தள்ளி, அவருடைய கண்மட்டத்துக்குத் தாழ்ந்து இருந்துகொண்டு, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை, நீங்கள் யார், கதவு திறந்திருக்கிறது என்பவற்றை மெதுவான ஒரே குரலில் சொல்லுங்கள். பாதம் தரையில் படும்படி இருக்கச் சொல்வதும், குளிர்ந்த தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுப்பதும் பலருக்கு உதவும். சிலருக்கு உதவாது, அப்போது பக்கத்தில் பேசாமல் இருங்கள்.

"விடுங்கோ, நானே வாறன்" என்ற வாக்கியத்தைக் கொண்டு அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்காதீர்கள், வேறெவரிடமும் சொல்லவும் வேண்டாம். எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணைப் பற்றிய ஊகம் அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னரே ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, கேள்விக்குச் சற்று வெளியே. உங்கள் பதிவுப் படிவத்தில் மணமானவரா, கணவரை இழந்தவரா என்று ஒரு கட்டம் இருக்கும். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் எதற்குப் புள்ளடி போடுவது என்பது ஒவ்வொரு தடவையும் ஒரு வழக்கு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் உறவுகளைத் தேடி வீதியோரத்தில் இருந்த தாய்மாரும் மனைவிமாரும் எதற்காக அங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால், "இறந்துவிட்டாரா?" என்று எழுதுவினைஞர் தலை நிமிராமல் கேட்கும் கேள்வியின் கனம் புரியும். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்காக, காணாமற்போனமையை மட்டும் குறிக்கும் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் இடம் கொடுத்தது. புண்ணுக்கு மருந்து கட்டுவதற்கு அந்த விபரம் உண்மையில் தேவையா என்று உங்கள் பிரிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "வீட்டில் உங்களுக்கு உதவிக்கு ஆர் இருக்கினம்?" என்ற கேள்வியே உங்கள் தேவைக்குப் போதும்.

அவரைத் திரும்ப வரவழைக்க, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பிடியுங்கள். மனநலம் என்ற சொல்லே எடுக்காமல், "அண்டைக்குச் சொல்லாமல் காலைப் பிடிச்சது என்ரை பிழை, இனி அப்பிடி நடக்காது எண்டு மிஸ்ஸி சொல்லச் சொன்னவா" என்று போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

பதில் 2: உளமருத்துவன்

வடமாகாணத்தில் உளமருத்துவப் பிரிவில் கடமையாற்றுகிறேன். நிழல்மரம் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மருத்துவப் பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்தப் பெண் நடிக்கவில்லை என்பதை உங்கள் சிற்றூழியருக்கு எப்படி விளங்கப்படுத்தலாம் என்று முதலில் சொல்கிறேன். சாதாரண நினைவுக்கு ஒரு திகதி உண்டு. அது முடிந்துபோன ஒன்று என்பதை மூளை அறியும். உயிர் போகும் அச்சத்தில் பதிந்த நினைவு பலருக்கு அப்படிப் பதிவதில்லை. மணம், சத்தம், உடம்பு கிடந்த நிலை, தோலில் பட்ட பிடி என்று துண்டு துண்டாக, திகதி இல்லாமல் கிடக்கிறது. அவற்றில் ஒன்று இன்று தட்டுப்பட்டால், ஆபத்தை உணர்த்தும் மூளைப் பகுதியான அமிக்டலா, சிந்திக்கும் பகுதி விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு முன்னரே உடம்பை ஓடவோ ஒளியவோ விறைத்து நிற்கவோ வைத்துவிடுகிறது. கட்டிலின் கீழே புகுந்தது அவர் எடுத்த முடிவு அன்று. பதுங்குகுழிக்குள் பாய்ந்து உயிர் தப்பிய உடம்பு, தப்பிய வழியை மறக்கவில்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை. போரைக் கண்டவர்கள் எல்லாரும் மனவடு நோயாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2009 இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்யப்பட்டு, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கணக்கெடுப்பில், நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் காணப்பட்டன. மனச்சோர்வின் அறிகுறிகள் ஏறத்தாழ 22 வீதமானோரிடமும், பதகளிப்பு எனும் ஓயாப் பதற்றத்தின் அறிகுறிகள் ஏறத்தாழ 33 வீதமானோரிடமும் இருந்தன. முகாம்களில் அப்போதும் இருந்தவர்களிடையே இவை உயர்ந்திருந்தன. அது வன்னியின் கணக்கு அன்று. ஆயினும் இரண்டு விடயங்களைக் காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் நோயாளராகவில்லை. நோயுற்றவர்களிலும் பலர் உங்களிடம் வருவது கொடுங்கனவைச் சொல்லிக்கொண்டல்ல; நெஞ்சு படபடப்பு, தலை விறைப்பு, உடம்பு எரிவு, நித்திரையின்மை, "ஒரே யோசினை" என்று சொல்லிக்கொண்டு. அந்த யோசனையின் உள்ளே 2009 இன் ஷெல் மட்டும் இருப்பதில்லை. நுண்கடன் தவணை, கணவனின் குடி, மகளின் பள்ளிக்கூடச் செலவு, திரும்பக் கிடைக்காத காணி எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனவடு என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால், இன்று தீர்க்கக்கூடிய துன்பமும் தீராமல் போகும்.

பேச வைத்தால் பாரம் இறங்கும் என்று உங்கள் பயிற்சியில் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பேரிடருக்குள்ளானவர்களை ஓரிரு நாட்களுக்குள் இருத்தி, நடந்ததை முழுதாகச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு முறையொன்று 1980களிலும் 90களிலும் உலகெங்கும் பரவியது. பின்னர் ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகள் செய்தபோது, அது மனவடு நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கியது என்றும் தெரியவந்தது. இன்று முக்கிய மருத்துவ வழிகாட்டல்கள் அதனைப் பரிந்துரைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பதெல்லாம் மூன்றுதான்: நிலைமையைப் பார்த்தல், அவர் சொல்ல விரும்புவதைக் கேட்டல், தேவையான உதவியோடு இணைத்தல். சொல்லச் சொல்லி வற்புறுத்தல் அதில் இல்லை. அதேபோல், பெருந்துயர் நேர்ந்து ஒரு மாதத்துக்குள், அச்சத்தைத் தணிக்கவென்று டயசிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பதை அந்த நிறுவனம் 2013 இல் தவிர்க்கச் சொன்னது. எங்கள் மருந்தகங்களில் அந்த வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

இதற்காக, பேசி ஆற்றும் சிகிச்சை பயனற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர், பல அமர்வுகளாக, நோயாளியின் சம்மதத்தோடும் வேகத்தோடும், வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லவைத்து, திகதியற்ற நினைவுக்குத் திகதி கொடுக்கும் முறைகள் உள்ளன. அவற்றில் ஒன்றை ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள்; கடற்கோளின் பின் எங்கள் வடகிழக்கின் முகாம்களில் இருந்த 31 பிள்ளைகளிடம் அதனைத் தியானத்தோடும் தளர்வுப் பயிற்சியோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழுவினருமே நன்கு தேறினார்கள். அந்த முடிவு எனக்கு எப்போதும் பிடித்த ஒன்று. பழக்கப்பட்ட வழிகளை இளக்காரமாகப் பார்க்கும் எங்கள் தொழிலுக்கு அது ஒரு குட்டு. உங்கள் நோயாளி கோயிலில் நூல் கட்டுகிறார் என்றாலும், திருநீறு போடுவிக்கிறார் என்றாலும், அதைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒருமுறை அலறினார் என்பதற்காக மட்டும் அனுப்பத் தேவையில்லை. நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை, வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை என்று வாழ்க்கை தடைப்பட்டிருந்தால் அனுப்புங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சாடையாகச் சொன்னாலும் அன்றைக்கே அனுப்புங்கள். அதைக் கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று அஞ்சாமல் நேராகக் கேட்கலாம். இரவு நேரத்தில் பேச ஆள் தேவையென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. அனுப்பும்போதும் துண்டெழுதிக் கொடுத்துவிட்டு விடாமல், அங்கே என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓர் இடைச்செருகல். மனவடுவை உணர்ந்து பராமரிக்கும் இந்தச் சிந்தனை பெரும்பாலும் அமெரிக்காவில், உளநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை பெற வந்த பெண்களிடையே வேலை செய்தவர்களிடமிருந்து உருத்திரண்டது. சிறு வயதில் வன்முறைக்குள்ளான அந்தப் பெண்களைச் சிகிச்சை என்ற பெயரில் பூட்டி வைப்பதும் கட்டி வைப்பதும் பழைய வன்முறையையே திரும்ப நடத்திக் காட்டுகின்றன என்பதை அவர்கள் கண்டார்கள். மக்சின் ஹரிஸ், றொஜர் பலோட் என்ற இருவர் 2001 இல் அதற்குப் பாதுகாப்பு, நம்பகம், தெரிவு, கூட்டாகச் செய்தல், வலுவூட்டல் என்று ஐந்து அடிப்படைகளை வகுத்தார்கள். தாழ்ப்பாள் பற்றிய உங்கள் கேள்வி, அந்தத் துறை தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறது.

பதில் 3: துண்டோடு வாழ்பவன்

நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. 2009 ஏப்ரலில் முதுகில் பட்ட ஷெல் துண்டுகளில் இரண்டு இன்னும் உள்ளேயே இருக்கின்றன. நோயாளியாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம் என்பதால் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று முன்னரே கேட்க வேண்டியது அவசியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது தாழ்வாரத்தில், இருபது பேர் நடுவில், உரத்த குரலில் கேட்கப்பட்டது. இருக்கிறது என்றேன். எங்கே பட்டது என்றார், சொன்னேன். எப்போது பட்டது என்றார், சொன்னேன். இயக்கத்தில் இருந்தீரா என்று அடுத்துக் கேட்டார். வாங்கிலில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கேள்வி மருத்துவத்துக்கு உரியது. கடைசிக் கேள்வி எதற்கு உரியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே கேள்வியை வேறு உடுப்புப் போட்டவர்கள் வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். படம் எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றரை வருடம் வலியோடு இருந்தேன்.

பிறகு வேறோர் இடத்தில் கதிர்ப்படம் எடுக்கும் ஓர் இளைஞர், என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, மெசினுக்குக் கூடாது எண்டதாலை இதொண்டு மட்டும் கேக்கிறன், எப்பிடி வந்தது எண்டு எனக்குத் தேவையில்லை" என்றார். எழுதிய பிறகு தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உலோகத் துண்டு உண்டு, முதுகு" என்று மட்டும் இருந்தது. அந்தத் தாளைத் திருப்பிக் காட்டிய செயலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நம்பகம் என்று மேலே ஒரு சொல் வந்திருக்கிறது. எனக்கு அதன் பொருள் அதுதான். நாங்கள் சொல்வது எங்கே எழுதப்படுகிறது, யார் பார்ப்பார்கள் என்பது தெரியாத வரைக்கும், உங்கள் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

நிழல்மரம் அக்காவுக்கு ஒரு திருத்தம். நிறுத்த வேண்டுமென்றால் கையை உயர்த்தச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எங்களில் எத்தனை பேர் கைகளை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பதில் 4: நிழல்மரம்

நீங்கள் சொல்வது சரி. எத்தனையோ பயிற்சிகளில் அந்தக் கை அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் மறுத்துச் சொன்னதில்லை. மறுத்துச் சொல்லும் நிலையில் இருந்தவர்கள் அந்தப் பயிற்சிக்கு அழைக்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கும். அடையாளத்தை நோயாளியே சொல்லட்டும். கதிரைக் கையைத் தட்டுவதாக இருக்கலாம், "பொறுங்கோ" என்ற ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.

பதில் 5: ஓய்வுபெற்ற தாதி

முப்பத்திரண்டு ஆண்டுகள் வாட்டிலும் கிளினிக்கிலும் நின்றவள் என்ற முறையில், மேலே எழுதப்பட்டவற்றைச் சற்று எரிச்சலோடுதான் வாசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் எது சுகமாயிருக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்க எந்தத் தாதிக்கு நேரம்? ஆளணி போதாமையைத் தாதியின் பண்பால் ஈடுசெய்யச் சொல்லும் வழக்கம் எங்கள் சுகாதாரத் துறையில் புதியதல்ல.

ஆனால் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். தொடப்போகிறேன் என்று சொல்லிப் பொறுப்பதற்கு அரை நிமிடம். அன்று அந்த அறை முடங்கிக் கிடந்தது கால் மணி நேரம். இரண்டு வாரம் வராத புண்ணுக்குப் பிறகு செலவாகப்போகும் நேரமும் மருந்தும் வேறு. அந்தக் கணக்கில் நிழல்மரம் வெல்கிறார்.

எவரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். அந்தச் சிற்றூழியரை எல்லாரும் கடந்து போய்விட்டீர்கள். அவர் எங்கே இருந்தவர்? புதுக்குடியிருப்பு வைத்தியசாலையும் பிறகு கடற்கரையோரத்தில் ஒதுங்கிய தற்காலிக இடங்களும் ஷெல்லடிக்குள் இயங்கிய நாட்களில், வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் அதே மணலில்தான் நின்றார்கள். அதன் பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் அதே தறப்பாளின் கீழ்தான் இருந்தார்கள். எங்களில் பலர் அழுகைச் சத்தம் கேட்டால் எரிந்து விழுவோம். அது கல்நெஞ்சம் என்று நானே என்னைப் பற்றி நெடுநாள் நினைத்திருந்தேன். வேலை முடிந்து போன பிறகு இரவில் தூங்க முடியாமலும், வீட்டில் பிள்ளை விழுந்து அழுதால் பக்கத்தில் போக முடியாமலும் இருந்த காலத்தில்தான், அது வேறொன்று என்று விளங்கியது. "நடிப்பு" என்று சொன்னவரைத் திட்டுவதற்கு முன், அந்த அலறல் அவருக்கு எதைக் கேட்பித்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பணியாளருக்குக் கவனிப்பு இல்லாத இடத்தில் நோயாளிக்குக் கவனிப்பு எங்கிருந்து வரும்? இதற்கு மாதத்துக்கொருமுறை அரை மணி நேரம், பொறுப்பு வைத்தியர் இல்லாமல், தாதியரும் சிற்றூழியரும் மட்டும் தேநீரோடு இருந்து கதைப்பதே எங்கள் வாட்டில் ஓரளவு உதவியது. பெரிய திட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை.

பதில் 6: வன்னித்தாதி

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிட்டார்களாம். உள்ளே இருந்தது தெரிந்தும் அவர் வற்புறுத்தவில்லை. இரண்டாவது தடவை என்னுடைய மன்னிப்பைச் சொன்னபோது, "மிஸ்ஸியே அப்பிடிச் சொன்னவா?" என்று கேட்டாராம். அடுத்த திங்கட்கிழமை மகளோடு வந்தார். கூட்டம் குறைந்த பின், பதினொன்றரைக்கு மேல் வரச் சொல்லியிருந்தேன்.

கதவு திறந்திருந்தது; திரையை எவ்வளவு இழுப்பது என்று அவரிடமே விட்டேன். பாதிக்கு இழுத்தார். கட்டிலைப் பார்க்காத பக்கமாகக் கதிரையைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டார். அடையாளம் என்ன வைத்துக்கொள்வோம் என்று கேட்டதற்கு, மகளின் கையைத் தான் இறுக்கினால் மகள் சொல்லட்டும் என்றார். புண் நான் அஞ்சிய அளவுக்கு இல்லாவிட்டாலும் ஆழமாகியிருந்தது. இரண்டு தடவை நிறுத்தினோம். இரண்டாவது தடவை ஏன் நிறுத்தச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை, நோகும் கட்டம் அப்போது முடிந்திருந்தது. நிறுத்திப் பார்க்கத்தான் சொன்னாரோ என்று பிறகு நினைத்தேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதுவரை ஏழு தடவை வந்துவிட்டார். மனநலப் பிரிவு பற்றி ஒருநாள் சொன்னேன். இப்போது வேண்டாம் என்றார். சரி என்று, தேவைப்பட்டால் என்னிடமே கேட்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

படிவத்தில் உள்ள கட்டத்தை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லையாம், அது கொழும்பிலிருந்து அச்சாகி வருவது. ஆனால் எங்கள் அறையில் அதை நிரப்பாமல் விடுகிறோம், இதுவரை எவரும் கேட்கவில்லை. பெயர் கூப்பிடும்போது நோயையும் சேர்த்துக் கூப்பிடுவதை நிறுத்தியிருக்கிறோம். மூத்த தாதி இன்னும் தலையை ஆட்டுகிறார், ஆனால் கதவை அவரும் பூட்டுவதில்லை.

சிற்றூழியரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற தாதி அக்கா சொன்னதை வாசித்த பிறகு எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை, அந்தப் பெண் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, அவர் திருப்புளி கொண்டுவந்து கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் போடுது மிஸ்ஸி, எண்ணெய் விட்டும் சரிவரவில்லை என்றார்.